கண்ணும் கணக்கும்: பெல் ஆய்வுகூடத்துக் கட்டுரை ஒன்று

வணிகத்தின் வாயிலிற் பிறந்த அறிவைக் கற்றோர் எளிதில் நம்புவதில்லை. இலாபம் கருதும் கம்பனி ஒன்று தன் செலவில் நடத்தும் ஆராய்ச்சி அக்கம்பனியின் சரக்குக்கு விளம்பரமாய் முடியுமேயன்றி, உலகினர் யாவர்க்கும் பொதுவான விஞ்ஞானமாதல் அரிது என்பது அவர் கருத்து. இக்கருத்து முற்றும் பிழையன்று. புகையிலைக் கம்பனிகள் தத்தம் செலவிற் செய்வித்த ஆராய்ச்சிகளின் வரலாறு அறிந்தோர் அதனைப் பிழையென்று சொல்லார். ஆயினும் இவ்வையத்துக்கு எதிர்நின்று விடையிறுக்கும் நிறுவனம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியும் அதன் உற்பத்திக் கிளையாகிய வெஸ்ரேண் எலெக்றிக்கும் கூடி 1925இல் உருவாக்கிய பெல் தொலைபேசி ஆய்வுகூடமே அது.

அவ்வாய்வுகூடத்தைப் புகழ்வோர் வழக்கமாகச் சுட்டுவன சிலவே. 1947இல் அங்கே தோன்றிய திரான்சிற்றர், 1948இல் கிளோட் ஷனன் வெளியிட்ட தகவற் கொள்கை, 1964இல் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியில் ஓயாதிருந்த இரைச்சலைத் துருவிச் சென்று பிரபஞ்சத்தின் தொன்மையான கதிர்வீச்சைக் கண்டமை என்பன அவை. பரிசும் புகழும் குவிந்துள்ள இவற்றைப் பற்றி மேலும் பேசுவதாற் பயன் சிறிது. புகழொளி படாத மூலையிலே, பயோமெற்றிக்கா என்னும் புள்ளிவிபரவியற் சஞ்சிகையின் 1968ஆம் ஆண்டுத் தொகுதியின் தொடக்கத்திலே, 17 பக்கங்களில் அமைந்த கட்டுரை ஒன்று உளது. தரவுகளை ஆராய்தற்குரிய நிகழ்தகவு வரைபு முறைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். எழுதியோர் இருவர்; ஒருவர் கனடா நாட்டினரான மாட்டின் வில்க்; மற்றையவர் சென்னையிற் பிறந்த இராமநாதன் ஞானதேசிகன். இருவரும் அக்காலத்திற் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர்.

சிறிய கட்டுரைதான். ஆனால் அதனுள் எழும் வினா சிறிதன்று. கணிதத்தின் துணைகொண்டு முடிவு காணும் ஒரு துறையிற் கண்ணுக்கு இடம் உண்டா? பார்த்தறிதல் சான்றாகுமா, அன்றிச் சான்று தேடுவோனின் விருப்பமே பார்வையாக நிற்குமா? இவ்வினாவுக்கு அக்கட்டுரை கூறும் விடையையும் அவ்விடையின் குறைகளையும் ஆராய்தல் தகும்.

முதலில் இத்தகைய வினா ஒரு தொலைபேசிக் கம்பனியில் எழுந்த காரணத்தை அறிதல் வேண்டும். தொலைபேசி தனிக் கருவியன்று. எண்ணிறந்த கருவிகளின் கூட்டு. கம்பியும் ஆளியும் பரிவர்த்தனை நிலையமும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. நிலத்தின்கீழ்ப் புதைத்த பொருள் பழுதுபட்டால் வீதியைத் தோண்டியே திருத்தல் வேண்டும். ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன்னரே பழுதை அறிதல் கம்பனிக்கு உயிர்நாடியாயிற்று. ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரு பொருள்களும் முற்றும் ஒத்திருப்பதில்லை. எவ்வளவு வேறுபாடு இயல்பானது? எவ்வளவு வேறுபாடு பழுதின் அறிகுறி? 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி, வெஸ்ரேண் எலெக்றிக்கிற் பணிபுரிந்த வோல்ற்றர் ஷூஹாட் இதற்கு விடையாக ஒரு பக்கக் குறிப்பொன்றைத் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார். அப்பக்கத்தின் மூன்றிலொரு பங்கை ஒரு படமே நிரப்பியது. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளில் வழங்கும் கட்டுப்பாட்டு வரைபின் முதல் வடிவம் அப்படமேயாகும். பின்னர் 1947-48இல் ஷூஹாட் இந்தியாவுக்கு வந்து தம் முறையை அங்கும் விளக்கினார். பெல் ஆய்வுகூடத்துப் புள்ளிவிபரவியல் படத்தோடு பிறந்தது என்பதை மனத்திற் கொள்ளல் நன்று.

ஞானதேசிகன் 1932இற் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்திற் கற்று, வட கரோலினாப் பல்கலைக்கழகஞ் சென்று, அங்கே எஸ். என். ரோய் என்பாரின் மாணவராய் 1957இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரோய் கல்கத்தாவிலே மகலனோபிசின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்திலிருந்து போனவர். பல அளவைகளை ஒருங்கே நோக்கும் பன்மாறிப் புள்ளிவிபரவியல் அவர் துறை. 1959இற் பெல் ஆய்வுகூடத்திற் சேர்ந்த ஞானதேசிகன் கல்கத்தாவின் கணித மரபையும் ஷூஹாட்டின் பட மரபையும் ஒருங்கே பெற்றவரானார். இவ்விரண்டும் ஒருவரிடத்திற் சந்தித்தமை கம்பனியின் திட்டத்தால் நிகழ்ந்ததன்று. ஆயினும் சந்திப்பதற்கு இடம் கொடுத்தது கம்பனியே.

இனிக் கட்டுரையின் உட்பொருள். அதனை விளக்க ஓர் உதாரணம் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியிலே, கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு வழி பிரியும் இடத்தில் உள்ள கொடிகாமம் சந்தைக்குப் பெயர்போன ஊர். பலாவும் மாங்கனியும் தேங்காயும் அங்கே குவிய, அவற்றை ஏற்றிக்கொண்டு தட்டிவான்கள் பருத்தித்துறைக்குப் புறப்பட்ட காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அச்சந்தையில் ஒருவர் முன்னே 20 தேங்காய்கள் உள்ளன எனக் கொள்க. விற்பவர் எல்லாம் ஒரே வளவுக் காய்கள் என்கிறார். வாங்குபவர் ஒவ்வொன்றையும் நிறுத்து இடை கண்டால் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அவ்வெண் விற்பவரின் சொல்லை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ போதாது. பத்துச் சிறு காய்களும் பத்துப் பெருங்காய்களும் கலந்த குவியலும் அதே இடையைத் தரலாமன்றோ?

காய்களை எடையின்படி, சிறியதிலிருந்து பெரியது வரை, வரிசையாக வைக்க. ஒரே வளவின் காய்களாயின் அவற்றின் எடை செவ்வன் பரம்பல் என்னும் மணிவடிவப் பரம்பலை அண்ணி நிற்கும் என எதிர்பார்க்கலாம். அப்பரம்பலில் 20 காய்கள் எவ்வெவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதைக் கணிதம் முன்கூட்டியே சொல்லும். வழக்கமான கணிப்பொன்றின்படி, முதற்காயின் இடம் இடையிலிருந்து 1.96 நியம விலகல் கீழே, இரண்டாங்காய் 1.44 கீழே, பத்தாங்காய் இடையை ஒட்டி 0.06 கீழே, பதினோராங்காய் அவ்வளவே மேலே, இருபதாங்காய் 1.96 மேலே. நிற்கவேண்டிய இடத்தைக் கிடையச்சிலும், உண்மையில் நிறுத்த எடையை நிலையச்சிலும் குறித்துப் புள்ளிகள் இடுக. புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி விழுந்தால் எதிர்பார்ப்புப் பொருந்தியது. கோட்டின் சரிவு நியம விலகலையும், நடுவில் அது நிற்கும் உயரம் இடையையும் காட்டும். புள்ளிகள் நடுவில் முறிந்து இரு படிகளாய் நின்றால் இரு வளவுக் காய்கள் கலந்தன என்று ஐயுறலாம். கடைசிப் புள்ளி மட்டும் விலகி மேலேறினால் ஒரு காய் மற்றவற்றோடு சேராதது. இதுவே கியூ-கியூ வரைபு எனப்படுவது. ஒரு பரம்பலின் பங்கீட்டுப் புள்ளிகளை இன்னொன்றன் பங்கீட்டுப் புள்ளிகளோடு எதிர்நிறுத்துதலே அதன் முழு இரகசியம்.

இம்முறையின் வேர்கள் 1968க்கு முற்பட்டவை. நகரங்களுக்கு நீர் தரும் தேக்கங்களின் கொள்ளளவை ஆராய்ந்த அலன் ஹேசன் என்னும் பொறியியலாளர் 1914இலேயே செவ்வன் பரம்பலுக்கேற்பக் கோடிட்ட தாளை வகுத்தார். குளம் வெட்டி வாழ்ந்த நாட்டினர்க்கு இது வியப்பன்று. மழை எந்த ஆண்டிற் பொய்க்கும் என்ற கவலையே இவ்வறிவை ஈன்றது. ஆகவே வில்கும் ஞானதேசிகனும் கண்டுபிடித்தவர் என்பதைவிடச் சிதறிக் கிடந்த வழக்கங்களை ஒரு முறையாகத் திரட்டியவர் என்பதே பொருந்தும். இரு மாதிரிகளை ஒப்பிடுதல், ஒரு மாதிரியைக் கொள்கைப் பரம்பலோடு ஒப்பிடுதல், பரிசோதனையொன்றிற் கிடைத்த பல விளைவுகளுள் எவை மெய், எவை தற்செயல் எனப் பிரித்தறிதல் ஆகிய வேறுவேறு தொழில்கள் அனைத்தும் ஒரே வரைபின் பல முகங்கள் என்று காட்டியமை அவர்தம் தனிச்சிறப்பு.

ஞானதேசிகனின் கை எங்கே தெரிகிறது எனின், பல அளவைகள் சேர்ந்த இடத்திலே தெரிகிறது. தேங்காய்க்கு எடை மட்டுமன்றிச் சுற்றளவும் நீரின் அளவும் தெரியுமாயின் எதனை வரிசையாக்குவது? மகலனோபிஸ் 1936இல் வகுத்த தூரம் இதற்குக் கருவியாயிற்று. பல அளவைகளையும் அவற்றின் தொடர்புகளையும் கருத்திற்கொண்டு, நடுவிலிருந்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஒரே எண்ணாக அது சுருக்கும். அவ்வெண்களை வரிசையாக்கி உரிய பரம்பலோடு எதிர்நிறுத்தினால் மறைந்திருந்த அந்நியப் பொருள் வெளிப்படும். கல்கத்தாவில் மக்களின் உடலளவைகளை ஆராயப் பிறந்த எண்ணம் நியூ ஜேர்சியில் வேறு வேலை செய்தது. குரலைக் கொண்டு பேசுபவர் யார் என்று அறியும் முறைகளைப் பற்றி 1971இல் பெல் ஆய்வுகூடத்தின் சொந்தச் சஞ்சிகையிலே ஞானதேசிகனும் போல் ரூக்கியும் பிறரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அத்தகைய பன்மாறி ஆராய்ச்சியின் பயனே. தொலைபேசியின் மறுமுனையிற் கேட்கும் குரல் யாருடையது என்ற எளிய ஐயத்திலிருந்து எத்துணைக் கணிதம் எழுந்தது!

இனிக் குறைகள். 1965இல் இதே வில்க், சமுவேல் ஷப்பிரோ என்பாரோடு சேர்ந்து, ஒரு மாதிரி செவ்வன் பரம்பலினின்று வந்ததா என்பதை ஒரே எண்ணாற் சோதிக்கும் முறையை வெளியிட்டார். அச்சோதனை இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. வரைபைப் பார்த்து உணர்வதை முறையான எண்ணாகச் சுருக்குவதே அதன் நோக்கம். மூன்றாண்டு கழித்து அவரே வரைபுக்குத் திரும்புகின்றார். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் நுணுகி நோக்கின் இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கு விடை. சோதனை ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். வரைபு எங்கே, எவ்வாறு என்பதைச் சொல்லும். குவியல் ஒரே வளவினதன்று என அறிந்த வியாபாரிக்கு அடுத்த கணமே எந்தக் காய் வேறு என்று தெரிந்தாக வேண்டும். அங்கே சோதனை வாய்மூடி நிற்கும்.

எனினும் எவ்வளவு வளைவு வளைவாகும்? இவ்வினாவுக்குக் கட்டுரை அறுதியான எல்லை எதனையும் வகுக்கவில்லை. தேர்ந்தவரின் மதிப்பீட்டுக்கே அதனை விட்டுவிடுகிறது. இருபது புள்ளிகள் மட்டுமே உள்ள வரைபில், உண்மையிலேயே செவ்வன் பரம்பலிலிருந்து எடுத்த மாதிரியும் ஓரங்களில் நெளிந்து காட்டும். பயிலாத கண் அந்நெளிவைப் பழுதென்று கொள்ளும். விருப்பம் உடைய கண் உண்மையான முறிவையும் நெளிவென்று தள்ளும். அன்றியும் வரிசையாக்கிய புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்று மேலேறினால் அடுத்ததும் அதன் கீழே இறங்க இயலாது. இதனால் தற்செயலான நெளிவும் ஒழுங்கான வளைவுபோல் மயக்கும். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் இதனைத் தாமாகவே பல முறை வரைந்து பார்த்துத்தான் அறிதல் வேண்டும். ஆசிரியர் இருவரும் பல்லாண்டு பயின்ற கண்ணுடையோர். அக்கண் தமக்கு எவ்வாறு வந்தது என்பதை அவர் எழுத்தில் வடித்திலர். கைத்தொழில் வல்லவர் பலர்க்கும் உள்ள குறைதான் இது. நடையும் வறட்சியானது, தொடர்கள் நீண்டு, கலைச்சொற்கள் நெருங்கி, இவ்வளவு கண்ணுக்கினிய பொருளைக் காதுக்கு இன்னாததாக்கிவிட்டன.

ஆயினும் கண்ணைத் தள்ளிவிட்டவிடத்து நேரும் கேடு யாது என்பதை அதே ஆய்வுகூடம் பின்னொருகாற் பெரும் விலை கொடுத்து அறிந்தது. அங்கே பணிபுரிந்த ஜேர்மானிய இளைஞர் யான் ஹென்றிக் ஷோன், சேதன மூலக்கூறுகளால் திரான்சிற்றர் செய்ததாகவும் பிற அதிசயங்கள் கண்டதாகவும் 2000 முதல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார். உலகின் தலைசிறந்த சஞ்சிகைகள் அவற்றை ஏற்றன. 2002இல் வேறு நிறுவனங்களைச் சேர்ந்த பௌதிகவியலாளர் சிலர், வெவ்வேறு பரிசோதனைகள் பற்றிய வரைபுகளில் இரைச்சலின் சிறு நடுக்கங்கள்கூட ஒன்றுபோலவே இருத்தலைக் கண்டனர். இரைச்சல் என்பது ஒருபோதும் தன்னைத் திரும்பச் சொல்வதன்று. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து மல்கம் பீஸ்லி தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டு செப்ரெம்பரில் அறிக்கை தந்தது. ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளுள் 16இல் ஷோனின் முறைகேடு மெய்ப்பட்டது. குழு குற்றங்களை வகுத்த வகைகளுள் ஒன்று, தரவுகள் இயற்கைக்கு ஒவ்வாத அளவு துல்லியமாய் இருந்தமை. ஷூஹாட்டும் ஞானதேசிகனும் இருந்த இல்லத்திலே, வேறுபாடின்மையே ஐயத்துக்குரியது என்ற பாடம் அயலார் கண் வழியே திரும்பி வரவேண்டியிருந்தது. இதற்குக் கருவிக் குறைவு காரணமன்று. வியப்பான முடிவு கண்டபோது அதன் மூலத் தரவை விரித்துக் காட்டுக என்று கேட்கும் வழக்கம் தளர்ந்தமையே காரணம்.

இவ்விடத்தில் முதலில் எழுந்த ஐயம் மீண்டும் எழும். கம்பனியின் ஆராய்ச்சி பொதுவான விஞ்ஞானமாதல் எங்ஙனம்? பெல் ஆய்வுகூடத்தைப் போற்றுவோர் மேதைகளை எண்ணிச் சொல்வர். அது பாதி உண்மையே. மற்றைப் பாதி மூன்று செய்திகளில் அடங்கும். முதலாவது, தாய்க்கம்பனி அமெரிக்காவில் ஏறக்குறையப் போட்டியில்லாத தனியுரிமை உடையதாயிருந்தமை. தொலைபேசிக்குக் கட்டணம் செலுத்திய ஒவ்வொரு குடும்பமும் தன்னை அறியாமலே ஆராய்ச்சிக்குப் புரவலராயிற்று. இரண்டாவது, 1956இல் அந்நாட்டு அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அதுவரை பெற்றிருந்த காப்புரிமைகளைப் பிறர்க்கு இலவசமாய் வழங்கும் கடமை கம்பனிக்கு ஏற்பட்டமை. மூன்றாவது, 1922 முதல் 1983 வரை நடந்த பெல் சிஸ்ரம் ரெக்னிக்கல் ஜேர்ணல் என்னும் சஞ்சிகையாலும் பிற பொதுச் சஞ்சிகைகளாலும் முடிவுகள் ஒளிக்கப்படாது வெளிவந்தமை. சரக்குக்கு விளம்பரம் என்ற குற்றச்சாட்டு இம்மூன்றாவதன்முன் வலியிழக்கும். பயோமெற்றிக்காவில் வந்த 17 பக்கங்களை வாசித்துத் தொலைபேசி வாங்கினார் எவரும் இலர்.

ஆனால் இவ்வரணின் உறுதி கம்பனியின் நற்குணத்தில் இல்லை, நீதிமன்றத்திலும் கட்டணத்திலும் இருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. 1984இல் தாய்க்கம்பனி பிரிக்கப்பட்டபோது ஆய்வுகூடமும் பிரிந்தது. ஞானதேசிகன் வட்டாரத் தொலைபேசிக் கம்பனிகளுக்கென அமைந்த பெல்கோர் என்னும் புதிய நிறுவனத்துக்குச் சென்றார். எஞ்சிய ஆய்வுகூடம் 1996இல் லூசென்ற் கைக்கும், 2006இல் அல்காற்றெல்-லூசென்ற் கைக்கும், 2016இல் நோக்கியாவின் கைக்கும் மாறியது. புள்ளிவிபரவியலாளர் ஒருவரின் பார்வையை வளர்க்கப் பத்தாண்டு வேண்டும். பங்குச் சந்தை காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும். ஞானதேசிகன் பின்னர் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, 2015இற் காலமானார். தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் புள்ளிவிபரவியல் பயில்வோருட் பலர் அவர் வகுத்த வரைபை வரைவர். அவர் பெயரைக் கேட்டறியார். பரிசோதனைக்குப் பெயரிட்டவர்க்குக் கிடைக்கும் நினைவு வரைபு வகுத்தவர்க்குக் கிடைப்பதில்லை போலும்.

கட்டுரையின் மிகப் பெரிய வெற்றி தாளில் நிகழவில்லை. 1976இற் பெல் ஆய்வுகூடத்திலே ஜோன் சேம்பர்சும் அவர் தோழரும் தரவாராய்ச்சிக்கென எஸ் என்னும் கணினி மொழியை ஆக்கத் தொடங்கினர். அதனைப் பின்பற்றி 1990களில் நியூசிலாந்திலே ரோஸ் இஹாக்காவும் றொபேட் ஜென்ரில்மனும் ஆர் என்னும் மொழியை ஆக்கி யாவர்க்கும் இலவசமாய் வழங்கினர். குடாநாட்டிலே தொலைபேசியும் மின்சாரமும் அறுபட்டிருந்த ஆண்டுகள் அவை. கடல் கடந்த பிள்ளையின் குரலைக் கேட்கப் பெற்றோர் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணஞ்செய்த காலம். இன்று கொடிகாமத்து மாணவர் ஒருவர் தம் கணினியிலே ஒற்றைக் கட்டளை எழுதினால் ஞானதேசிகனின் வரைபு திரையில் எழும். இன்னொரு கட்டளை எழுதினால் புள்ளிகளினூடே ஒரு கோடு செல்லும்.

அக்கோடு பற்றி ஒரு குறிப்பு. மாணவர் பலர் அதனைப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருத்திய கோடு என எண்ணுவர். அவ்வாறன்று. வழமையாக அது முதலாம் மூன்றாம் காலணைகளை மட்டும் இணைத்து நீட்டியது. 20 தேங்காய்களுள் நடுவிலுள்ள பத்தின் இரு விளிம்புகளைக் கொண்டே கோடு வகுக்கப்படுகிறது. இருமருங்கிலும் ஓரத்தே உள்ளவற்றுக்கு அதனை வகுப்பதில் வாக்கில்லை. ஓரத்துக் காய் ஒன்று எவ்வளவு விலகினாலும் கோட்டைத் தன்பால் இழுக்க இயலாது. ஆகவேதான் அதன் விலகல் மறையாமற் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் வாக்களித்துக் கோடிட்டிருந்தால், கள்ளக் காயும் கோட்டைச் சற்றே தன் பக்கம் வளைத்துக்கொண்டு நல்ல காய்களோடு கலந்து நின்றிருக்கும்.